பட்டியல் இருபதாயிரம், கையில் எட்டாயிரம்: பேறுகாலச் செலவு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது, ஆடியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். முதல் பிள்ளை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் பிறந்த குழந்தைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் எழுதிக் கொடுத்ததைக் கூட்டினால் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. மழை பிடித்தால் வெட்டும் நின்றுவிடும். கையில் எட்டாயிரம் இருக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: கடைக்காரரிடம் கேட்டால் கடையில் இருப்பதைத்தான் எழுதித் தருவார், தம்பி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன் வாங்கியே ஆகவேண்டியவை ரொம்பக் குறைவு. மிச்சத்தைத் தேவைப்படும் அன்றைக்கு வாங்கலாம். கடை எங்கேயும் ஓடிவிடாது. பிறக்கும் முன்னே சாமான் வாங்கி அடுக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் பணக்கணக்குக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

முதலில் மாமியாருக்கு ஒரு போன் போடுங்கள். தலைப்பிரசவம் பெண் வீட்டில் என்றால், அங்கே அவர்களும் இதே சாமான்களை வாங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு கொசுவலை, இரண்டு மெத்தை என்று ஒரே பிள்ளைக்கு இரட்டைச் செலவு ஆவது இப்படித்தான்.

அடுத்தது துணி. வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருக்குமே, அதைவிட நல்ல நாப்கின் எந்தக் கடையிலும் கிடைக்காது. எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டடிச் சதுரமாக வெட்டினால் பன்னிரண்டு துண்டு தேறும். கரையை மட்டும் நீக்கிவிடுங்கள், அது பிள்ளையின் தோலில் உரசும். ஓரத்தை மடித்துத் தைத்துவிடுவது முக்கியம். பிரிந்து தொங்கும் நூல் பிஞ்சு விரலில் சுற்றி இறுகினால் விரல் வீங்கிவிடும், யார் கண்ணிலும் சீக்கிரம் படவும் செய்யாது. தையல் மிஷின் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து நல்ல வெயிலில் காயவைத்து மடித்து வையுங்கள்.

உங்கள் பிள்ளை ஆடியில் வருகிறது, அதாவது சாரல் விடாத நாளில். வெயில் காலத்தில் மூன்று வேட்டித் துணி போதும் என்றால், உங்களுக்கு ஐந்து வேட்டித் துணி வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கும் உண்டு. அதனால் அந்தத் துணி எதுவும் வீண் போகாது. வீட்டுக்குள் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு கயிறு கட்டிவிடுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரி போட்டு எடுத்தால் ஈரமும் போகும், முக்கல் வாசனையும் இருக்காது.

டயப்பரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரவிலும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அது பெற்றவளுக்கு உறக்கம் தரும், அதற்குக் காசு கொடுக்கலாம். கணக்கைப் பாருங்கள்: நாள் முழுக்க டயப்பர் என்றால் எட்டுக்குக் குறையாது. ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,400 ரூபாய். இரவுக்கு இரண்டு மட்டும் என்றால் 600 ரூபாய். பிறந்த குழந்தை அளவில் சின்னப் பாக்கெட் ஒன்று மட்டும் வாங்குங்கள். அந்த அளவு சுமார் ஐந்து கிலோ வரைதான். நன்றாகப் பால் குடிக்கிற பிள்ளை இரண்டு, மூன்று மாதத்தில் அதைத் தாண்டிவிடும். ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ என்று மூட்டையாக வாங்கினவர்கள் வீட்டில் பாதி பாக்கெட் அலமாரியில்தான் கிடக்கும். பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யோடு ஒரு துண்டுக்கு என்ன விலை என்றும் அச்சிட்டிருக்க வேண்டும், ஒப்பிட வேண்டியது அதைத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

காசு கொடுத்து வாங்கவேண்டியதைச் சொல்கிறேன். முன்பக்கம் கயிறு கட்டும் மெல்லிய பருத்திச் சட்டை ஆறு. தலை வழியாக மாட்டுவது ஆரம்பத்தில் வேண்டாம், கழுத்து நிற்காத பிள்ளைக்கு மாட்டுவது பெரிய பாடு. தொப்பி, காலுறை இரண்டு சோடி. பெரிய துவர்த்து (துண்டு) இரண்டு. மெடிக்கல் கடையில் ரப்பர் ஷீட் ஒரு மீட்டர் (பால் வெட்டுகிறவரே ரப்பர் ஷீட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது). குடைபோல விரியும் கொசுவலை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், வாசனை அதிகமில்லாத ஒரு சோப்பு. டயப்பர் பாக்கெட்டையும் சேர்த்து இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். தெர்மாமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். பச்சிளம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும்.

கடைப் பட்டியலில் இருந்து அடிக்க வேண்டியவை: தலையணையோடு வரும் மெத்தை செட் (பச்சைப் பிள்ளைக்குத் தலையணையே ஆகாது, மூச்சு அடைக்கும்), பாட்டில் கழுவும் மின்கருவி, குளிப்பாட்டும் டப், ஷூ, பவுடர், கண்மை, கிரைப் வாட்டர். குளிப்பாட்டக் காலை நீட்டி உட்காரும் ஒரு பாட்டி வீட்டில் இருந்தால் டப் எதற்கு? தொப்புள் காய்வதற்கும் எதுவும் வாங்க வேண்டாம், மேலே ஒன்றும் தடவாமல் உலரவிட்டாலே போதும். தள்ளுவண்டி உங்கள் மேட்டு வழியில் உருளாது. நடைவண்டி என்று விற்கிறார்களே, உட்காரவைத்து உருட்டும் சக்கர வண்டி, அது பிள்ளையைச் சீக்கிரம் நடக்க வைக்காது. படியில் உருண்டு விழுந்து அடிபடுவதால் கனடாவில் 2004-லேயே அதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில் என்றால், ஆசாரிப்பள்ளமோ தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் ஆஸ்பத்திரியோ, இன்னும் சில செலவு குறையும். பிரசவம், ஆபரேஷன், மருந்து எல்லாம் இலவசம். பெற்றபின் வீட்டில் கொண்டுவிட 102 தாய் சேய் ஊர்தி உண்டு. குழந்தைக்கென்று 2015-ல் தொடங்கின 16 பொருள் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, உடை, சின்ன மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, தாய்க்கு சௌபாக்ய சுண்டி லேகியம் எல்லாம் இருக்கும். அது கிடைக்குமா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்றால் கொசுவலையும் சோப்பும் உங்கள் பட்டியலிலிருந்து போய்விடும்.

அதே செவிலியரிடம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியையும் கேளுங்கள். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. ஆனால் அந்தப் பணத்தை நம்பி இன்றைக்குக் கடன் சொல்லிச் சாமான் எடுக்காதீர்கள். தவணை அதன் பாட்டுக்குத்தான் வரும்.

மிச்சமிருக்கும் ஐயாயிரத்துச் சொச்சத்தைத் தொடாமல் வையுங்கள். ஆட்டோ, கூட நிற்கிறவர்களுக்குச் சாப்பாடு, வெளியே எழுதிக்கொடுக்கும் மருந்து, பெற்றவளுக்கு மீனும் முட்டையும். வெட்டு இல்லாத ஆடியில் செலவு வருவது இங்கேதான்.

கேள்வி: கொளச்சலில் இருந்து எழுதுகிறேன் அக்கா. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், ஜூன், ஜூலை தடைக்காலம் என்பதால் வருமானம் இல்லை. பால் பத்தாமல் போனால் இரவில் எங்கே ஓடுவது என்று நாத்தனார் ஒரு பால்பவுடர் டின்னும் பாட்டில் செட்டும் வாங்கிவைக்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நாத்தனாரின் பயம் நியாயமானதுதான். ஆனால் டின்னைக் கையெட்டும் இடத்தில் வைத்தால், பிள்ளை ஒரு முறை கூடுதலாக அழுததுமே அதைத் திறந்துவிடுவோம். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் தாய்க்குப் பால் ஊறும். டின் பால் உள்ளே போகப் போக இங்கே சுரப்பது குறையும். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே போதும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு வாங்கலாம்.

இது கடைக்காரர் ஆசை காட்டக் கூடாத பொருள் என்பதும் தெரிந்திருக்கட்டும். 1992-ல் வந்த மத்திய சட்டப்படி, குழந்தைப் பால்பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரியோ பரிசோ கொடுத்து விற்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு டின்னைச் சும்மா நீட்டினால் அது சட்டத்துக்கு விரோதம்.

பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்கவேண்டி வந்தால் பாட்டில் எதற்கு? எவர்சில்வர் சங்கு ஒன்று போதும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் சுத்தமாகிவிடும். பாட்டிலின் நிப்பிளைப்போல அழுக்கு ஒளிந்துகொள்ள மூலை முடுக்கு கிடையாது.

கேள்வி: என் அக்கா பிள்ளைக்கு வாங்கின சாமான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பழையதை முதல் பிள்ளைக்கு எடுக்கலாமா என்று வீட்டில் தயங்குகிறார்கள். – நாகர்கோவில், வடசேரி

பதில்: தாராளமாக எடுக்கலாம். பல தடவை துவைத்த துணி புதியதைவிட மெதுவாகவே இருக்கும். சட்டை, துவர்த்து, கொசுவலை, தொட்டில் கம்பி எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். குழி விழுந்த மெத்தை, பழைய நிப்பிள், தேதி முடிந்த கிரீம், பெயிண்ட் உரியும் பொம்மை இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். புதிய பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 முதல் அது கட்டாயம். சேலைத் தொட்டில் கட்டும்போது உத்தரத்துக் கொக்கியை ஒரு பெரியவர் தொங்கிப் பார்த்தபிறகு கட்டுங்கள். துணி இரண்டு பக்கமும் சேர்ந்து முகத்தை மூடாமல் இருக்க நடுவில் ஒரு கட்டை வையுங்கள். எவ்வளவு தாழ்வாகக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

கேள்வி: பிள்ளை பார்க்க வந்தவர்கள் கொடுத்ததில் சோப்பு-பவுடர் செட் மட்டும் ஏழு சேர்ந்துவிட்டது. என்ன செய்ய? – தக்கலை

பதில்: பிரிக்காமல் வையுங்கள். எந்தக் கடை என்று தெரிந்தால் மாற்றி டயப்பரோ துணி சோப்போ எடுத்துவிடலாம்; பழகின கடை என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பவுடர் பறந்து மூச்சுக்குள் போகும் என்பதால் குழந்தை டாக்டர்களே வேண்டாம் என்கிறார்கள். இனி வருகிறவர்களிடம், நெருங்கின சொந்தம் என்றால், “சித்தி, ஒரு பாக்கெட் டயப்பர் போதும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவர்களும் என்ன வாங்குவது என்று தெரியாமல்தான் அந்தச் செட்டை எடுக்கிறார்கள்.

கேள்வி: கொசுவலை வைத்த குழந்தை மெத்தை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு வாரத்தில் ஜிப் பிய்ந்துவிட்டது. ரசீதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டாது’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டி மாற்றித் தர மறுக்கிறார்கள். – மார்த்தாண்டம்

பதில்: நிறம் பிடிக்கவில்லை என்று கேட்டால் கடைக்காரர் மறுக்கலாம். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீது தராமல் இருப்பதும் அப்படித்தான். பிய்ந்த இடத்தை ரசீதோடு சேர்த்துப் படம் எடுத்து, கடையின் வாட்ஸப் எண்ணுக்கு என்ன குறை, என்ன வேண்டும் என்று இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல கடைகள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம்.

கேள்வி: பேரனுக்கு இருபத்தெட்டாம் நாள் சடங்கு வருகிறது. அரைஞாணோடு அரை கிராமில் ஒரு மோதிரமும் போடலாம் என்று நினைக்கிறேன். ஹால்மார்க் இல்லாமல் தருகிறார்கள். ஏமாற்றா? – சுசீந்திரம்

பதில்: ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, அம்மா. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. அதனால்தான் சின்ன மோதிரத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். ரசீதில் எடை, எத்தனை கேரட், செய்கூலி, சேதாரம் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அரை கிராம் மோதிரத்தில் செய்கூலியே தங்க விலையில் நல்ல பங்கைத் தின்றுவிடும், திருப்பி விற்கும்போது அது வராது. மூன்று நான்கு பேர் சேர்ந்து போடுவதாக இருந்தால், ஆளுக்கொரு மோதிரத்துக்குப் பதில் 2 கிராமுக்கு மேல் ஹால்மார்க் போட்ட ஒரே நகையாக எடுங்கள். சடங்கு முடிந்ததும் மோதிரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள். அந்த வயதுப் பிள்ளைக்குக் கைவிரல் எந்நேரமும் வாயில்தான் இருக்கும்.