‘எண்ட்ரி’ ஆணா, பெண்ணா?

கேள்வி: எனக்கு வயது 39. சொந்த ஊர் தென்காசி. பி.காம். முடித்து, திருமணமாகி மும்பைப் புறநகரான டோம்பிவிலிக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓராண்டாகத் தாதரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலையில் குறை சொல்ல இடம் வைத்ததில்லை. ஆனால் மீட்டிங்கில் வாய் திறக்க வருவதில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு “எண்ட்ரி டபுள் ஹோ கயா” என்றேன். இந்தியில் ‘எண்ட்ரி’ பெண்பாலாம்; ஒருவர் சிரித்துக்கொண்டே “ஹோ கயீ” என்று திருத்த, மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். சென்ற மாதம் ஒரு சப்ளையரின் இரண்டு பில்களுக்கு இன்புட் கிரெடிட்டை (வாங்கியதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் வரவை) இரண்டு முறை எடுத்திருந்ததை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். மீட்டிங்கில் சொல்லத் துணிவில்லாமல் பக்கத்து இருக்கைக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் அதை எழுந்து சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். வீட்டிலும் கேஸ் சிலிண்டர்காரர் முதல் சொசைட்டி செகரட்டரி வரை எல்லாரிடமும் கணவரோ மகளோதான் பேசுவார்கள். “அம்மா, நீ இரு, நான் சொல்றேன்” என்பாள் மகள். ஒரு வீடியோவில் சொன்னபடி தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று 21 முறை சொல்கிறேன். சில நாட்களில் அழுகைதான் வருகிறது. ரயிலில் ஏறி இடம் பிடிக்க மட்டும் தெரிந்து என்ன பயன்? தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டோம்பிவிலி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கண்ணாடியை விட்டு நகர்ந்துவிடுங்கள். அது பலிக்காமல் போனதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ‘நான் அன்புக்குரியவள்’ என்பது போன்ற ஒரு வாசகத்தைத் தமக்குத் தாமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும்படி சிலரிடம் கேட்டார்கள். ஏற்கெனவே தம்மை உயர்வாக மதித்திருந்தவர்களுக்கு அதனால் சிறிது நன்மை கிடைத்தது. தம்மைக் குறைவாக எண்ணியிருந்தவர்களோ, அந்த வாசகத்தைச் சொல்லாமல் இருந்தவர்களைவிட அதிகமாகச் சோர்ந்துபோனார்கள். தேவைப்படாதவருக்கு வேலை செய்து, தேவைப்படுபவரை மேலும் படுக்க வைக்கும் விநோத மருந்து அது. வாய் ‘என்னால் முடியும்’ என்றவுடன், ‘சென்ற மாத மீட்டிங்கில் முடிந்ததா?’ என்று மனம் குறுக்கு விசாரணை செய்கிறது. 21 முறை சொன்னால் 21 முறையும் அதே கேள்வி வருகிறது. சாட்சி இல்லாத வழக்கைத் தினமும் காலையில் நீங்களே தொடுத்து, நீங்களே தோற்று, அதன் பிறகு டப்பா கட்ட ஓடுகிறீர்கள். அழுகை வராமல் என்ன செய்யும்?

ஆனால் உங்களிடம் சாட்சி இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் ‘என்ன பயன்’ என்று நீங்கள் தள்ளிவிட்ட ரயில்தான் அது. மும்பைக்கு வராத வாசகர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு மேல் டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கல் வந்து நிற்கும்போது, கல்யாணிலும் அதற்கு முன்பும் ஏறியவர்களால் பெண்கள் பெட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கும். உள்ளே நுழைந்ததும், உட்கார்ந்திருப்பவர்களை வரிசையாகப் பார்த்து “கிதர் உதர்னா ஹை?” (எங்கே இறங்க வேண்டும்?) என்று கேட்க வேண்டும். ஒருவர் தாணே என்பார், இன்னொருவர் காட்கோபர் என்பார், ஒருவர் பதிலே சொல்லாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாணே என்றவரிடம் இடத்தைச் சொல்லி வைத்துக்கொண்டு, அவருடைய முழங்காலுக்கு எதிரே நகராமல் நிற்க வேண்டும். அவர் எழும்போது வேறொருத்தி குறுக்கே வந்து உட்காரப் பார்த்தால், விட்டுக்கொடுக்காமல் வாதாடவும் வேண்டும். இவ்வளவையும் முன்பின் தெரியாத பெண்கள் நடுவே, ஓடும் வண்டியில், ஒரு கையால் மேலே உள்ள பிடியைப் பற்றிக்கொண்டு, இந்தியில் செய்கிறீர்கள். அங்கே “யே சீட் மேரா ஹை” என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். இந்தியில் சீட்டும் பெண்பால்தான்; ‘மேரி’ என்று வந்திருக்க வேண்டும். ஆனாலும் இடம் கிடைத்தது அல்லவா?

அந்தத் துணிவு எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் தாதர் வரைக்கும் நின்றுகொண்டே போயிருப்பீர்கள். எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் கூட்டத்தோடு தள்ளப்பட்டு நடைமேடையில் விழாத குறையாக இறங்கியிருப்பீர்கள். பிறகு ஒருநாள் ஒருத்தியிடம் மட்டும் கேட்டீர்கள். அவள் முகம் சுளிக்காமல் பதில் சொன்னதும், மறுநாள் இரண்டு பேரிடம் கேட்டீர்கள். ரயிலில் இடம் கேட்பதற்கான தன்னம்பிக்கையை முதலில் வீட்டில் தயாரித்து எடுத்துக்கொண்டு நீங்கள் வண்டி ஏறவில்லை. ஏறிய பிறகு, கேட்கக் கேட்க, அது தானாகச் சேர்ந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். ‘இந்தச் செயலை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளிடம் செயலுக்குச் செயலும் வேறுபடும் என்பது அவர் கருத்து. அது நான்கு வழிகளில் வந்து சேர்கிறது என்றார். தானே செய்து பார்த்தது ஒன்று. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் கண்டது ஒன்று. பிறர் சொல்லும் ஊக்கச் சொல் ஒன்று. நெஞ்சு படபடப்பது, கை நடுங்குவது போன்ற உடலின் குறிகளை நாம் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது மற்றொன்று. இவற்றில் முதலாவதற்கு இருக்கும் வலு மற்றவற்றுக்கு இல்லை. ஊக்கச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நம்பிக்கையை வளர்க்கப் பார்ப்பது, குழம்புக்குப் பெருங்காயம் மட்டும் போட்டுக் கொதிக்க வைப்பது போன்றது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்போம். பண்டுராவும் அவருடைய சகாக்களும் 1969இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாம்பு என்றாலே நடுங்குபவர்களைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். பாம்பைப் பிறர் கையாளும் படத்தை ஒரு குழுவுக்குக் காட்டினார்கள். மனத்தைத் தளர்த்தி அமைதிப்படுத்தும் பயிற்சியை இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார்கள். மற்றொரு குழுவினருக்கோ, ஒருவர் பாம்பைக் கையில் பிடித்துக் காட்ட, முதலில் கையுறையோடும் பிறகு வெறுங்கையோடும் அதைத் தொட்டுப் பார்க்கப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். தாமே தொட்டுப் பார்த்தவர்களின் அச்சம்தான் மற்ற எல்லாரையும்விட மிகுதியாகக் குறைந்தது. அந்தக் கையுறை உங்களுக்கு மிகவும் முக்கியம். முதல் நாளே வெறுங்கையை நீட்டச் சொல்வதைத்தான் பல வீடியோக்கள் தைரியம் என்று விற்கின்றன.

என் கதை ஒன்றும் உண்டு. 1984இல் நான் மும்பையில் ஒரு சிறிய நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்ந்தபோது, இந்தி எண்கள் எனக்குப் பெரும் சோதனையாக இருந்தன. நம் மொழியில் எழுபதும் ஒன்பதும் சேர்ந்தால் எழுபத்தொன்பது என்று காதே கண்டுபிடித்துவிடும். இந்தியில் எழுபத்தொன்பது ‘உனாசி’, எண்பத்தொன்பது ‘நவாசி’. நூறு எண்களையும் ஏறக்குறைய நூறு சொற்களாகவே மனப்பாடம் செய்ய வேண்டும். முதலாளி ஒருநாள் கடிதத்துக்குச் சொன்ன ‘உனாசி ஹஸார்’ என் காதில் ‘நவாசி’ என்று விழுந்து, 89,000 என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் எல்லார் முன்னாலும் தாளை மேசையில் வீசினார். அன்று இரவு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்று முதல் நூறு வரை இந்தி எண்களைத் தமிழில் எழுதி, மறுநாள் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அதோடு, தொகை வரும்போதெல்லாம் “செவண்ட்டி நைன்?” என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்கும் வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டேன். அவர் எரிச்சலோடுதான் பதில் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார். அந்த ஆண்டு தீபாவளிக்குள் இழுப்பறையைத் திறக்க வேண்டிய தேவை நின்றுவிட்டது. எந்த நாளில் நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். அது உங்களுக்கு வலித்ததில் வியப்பில்லை. நம் இலக்கணத்தில் கணக்குப் பதிவு அஃறிணை. அது ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. அப்படிப் பழகிய வாய்க்கு, பேனா முதல் நாற்காலி வரை பால் பிரித்துப் பேசும் மொழி தடுமாற்றத்தைத் தராமல் இருக்காது. மராத்திக்கும் குஜராத்திக்கும் மூன்று பால்கள் உண்டு என்பதால், அம்மொழிக்காரர்கள் பேசும் இந்தியிலும் அவரவர் வீட்டு வாசனை இருக்கும். மும்பை இந்தி என்பதே இப்படிப் பலர் கூடிக் கலைத்துப்போட்ட இந்திதான். ஆயினும், ‘பிழை இருந்தால் என்ன’ என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. உங்கள் மேசையில் புழங்கும் சொற்கள் எத்தனை இருக்கும்? முப்பதைத் தாண்டாது. எண்ட்ரி, தாரீக் (தேதி), ரசீத் (ரசீது), ரகம் (தொகை) ஆகியவை பெண்பால். பில், காத்தா (கணக்கு) ஆகியவை ஆண்பால். மற்றவற்றை உங்கள் மகளைக் கேட்டு ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளில் முடியும் வேலை இது.

மகளைப் பற்றிப் பேச்சு வந்ததால், அலுவலகத்தைவிட வீட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரும் மகளும் உங்களிடம் அன்பு மிக்கவர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் பதினாறு ஆண்டுகளாக சிலிண்டர்காரரிடமும், குழாய் ரிப்பேர்காரரிடமும், சொசைட்டி அலுவலகத்திலும் அவர்கள் உங்களுக்காகப் பேசிப் பேசி, நீங்கள் பேசிப் பழகியிருக்க வேண்டிய ஆயிரக்கணக்கான சிறு உரையாடல்களைத் தாங்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ரயிலில் மட்டும் உங்களுக்கு வாய் திறந்ததற்குக் காரணம், அங்கே உங்கள் பக்கத்தில் மகள் இல்லை என்பதுதான். ஆகவே இன்று இரவு சாப்பாட்டின்போது இருவரிடமும் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: அடுத்த ஒரு மாதத்துக்கு வாசல் மணி அடித்தால் நீங்கள்தான் கதவைத் திறப்பீர்கள், நீங்கள்தான் பேசுவீர்கள், மகள் உள்ளறையில் இருக்க வேண்டும், ஆள் போன பிறகு வேண்டுமானால் பிழையைத் திருத்தலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவைத் திருத்தும் வேலையைவிட இனிப்பானது வேறில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவளுக்குக் கடினமாக இருக்கும். சிலிண்டர்காரர்தான் உங்கள் கையுறை.

பாராட்டைத் தட்டிச் சென்றவர் மீது உங்களுக்குக் கோபம் இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் அவரோடு சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன், நடந்ததை மேலாளரிடம் போய் முறையிடவும் சொல்ல மாட்டேன். அடுத்த முறை, கண்டுபிடித்தது நீங்கள்தான் என்பதற்கு எழுத்தில் ஓர் அடையாளம் இருக்கும்படி செய்துவிடுங்கள். உங்கள் தொழிலில் இது எளிது. சப்ளையர்கள் காட்டிய பில்களின்படி உங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டைப் பட்டியலிடும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வருகிறது. மாதாந்திரக் கணக்கான 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. இடைப்பட்ட நாட்களில் நீங்கள் எப்படியும் 2பியை உங்கள் கணக்குப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். பொருந்தாத பில்களை எண், தேதி, தொகை என்று ஒரு சிறு அட்டவணையாக்கி, மேலே ஆங்கிலத்தில் இரண்டே வரி எழுதி, மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தவறாக எடுத்துப் பயன்படுத்திய கிரெடிட்டுக்கு 18 சதவீதம் வட்டி கட்ட வேண்டும் என்பதால், அந்த அஞ்சலை எந்த மேலாளரும் படிக்காமல் விடமாட்டார். அதன் பிறகு மீட்டிங்கில் நீங்கள் புதிதாக எதையும் அறிவிக்கப் போவதில்லை. அனுப்பியதைச் சுட்டிக்காட்டப் போகிறீர்கள், அவ்வளவே. பேச்சின் பாதிச் சுமையை அந்த அட்டவணை தூக்கிக்கொள்ளும். முடிந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். நேரம் ஆக ஆக, ‘இனிமேல் எப்படி’ என்ற தயக்கம்தான் வளரும். கை நடுங்கினால் நடுங்கட்டும், தாளை மேசையில் வைத்துப் படியுங்கள். ரயில் ஓடி வந்து நிற்கும்போதும் உங்கள் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அதை நீங்கள் பயம் என்று எண்ணுவதில்லை.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லி வைக்கிறேன். மீட்டிங்குக்கு முந்தைய இரவுகளில் தூக்கமே இல்லாமல் போவது, சாப்பிட முடியாமல் போவது, வேலைக்குப் போகவே அஞ்சி விடுப்பு எடுப்பது என்று நிலைமை நீண்டால், அது கூச்சத்தைக் கடந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

ஆகவே இந்த மாதம் 14ஆம் தேதி வரைக்கும் வாசல் மணியும் பால் பிரித்த சொற்பட்டியலும் போதும். 2பி வந்ததும் அட்டவணையை அனுப்புங்கள். மீட்டிங்கில், முதல் பில்லின் எண்ணைப் படித்துவிட்டு, “யே எண்ட்ரி டபுள் ஹோ கயீ ஹை” என்று சொல்லுங்கள். பழக்கத்தில் ‘கயா’ என்றே வந்து, அந்த நண்பர் மறுபடியும் சிரித்துத் திருத்தினால், “ஹாங், கயீ” என்று சொல்லிவிட்டு இரண்டாவது பில்லின் எண்ணைப் படியுங்கள்.