இரட்டைக் கரு முட்டையை அடை வைத்தால் இரண்டு குஞ்சு வருமா?

கேள்வி: வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். புதிதாக முட்டை வைக்க ஆரம்பித்த விடைக்கோழி ஒன்று அடிக்கடி பெரிய முட்டையாக வைக்கிறது. உடைத்தால் உள்ளே இரண்டு மஞ்சள் கரு. இதை அடை வைத்தால் இரட்டைக் குஞ்சு கிடைக்குமா? கோழி முட்டையில் இடம் போதாது என்றால் வாத்து முட்டையில் முயலலாமா? சின்ன இன்குபேட்டர் ஒன்று வைத்திருக்கிறேன்.

பதில்: கிடைத்திருக்கிறது, ஆனால் மிக அபூர்வம். அதை நம்பி இறங்காதீர்கள். குஞ்சு பொரிப்பகங்களில் இந்த மாதிரி முட்டையைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்கள்.

ஒரு மஞ்சள் கரு இறங்கி, வெள்ளைக்கரு, சவ்வு, ஓடு எல்லாம் சேர்ந்து முட்டையாக வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதற்கு அப்புறம்தான் அடுத்தது இறங்க வேண்டும். விடைக்கோழிக்கு இந்த ஒழுங்கு பிடிபடும் வரை சில சமயம் இரண்டு சேர்ந்தாற்போல இறங்கி, இரண்டுக்கும் ஒரே ஓடாகிவிடும். சேவல் கூட இருந்தால் இரண்டிலும் உயிர் பிடிக்கலாம். அது பெரிய விஷயமே இல்லை.

பல முட்டைகளில் முதல் வாரத்திலேயே ஒன்று செத்து, அது கெட ஆரம்பித்ததும் மற்றதும் போய்விடும். அதைத் தாண்டி வந்தாலும் கடைசி மூன்று நாள்தான் கண்டம். 18ஆம் நாளுக்கு மேல் குஞ்சு தலையை முட்டையின் அகன்ற முனைப் பக்கம் கொண்டுவந்து, அங்கே இருக்கிற காற்றறையின் சவ்வைக் குத்தி முதல் மூச்சை இழுக்கும். பிறகு உள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டை வட்டமாக உடைத்துக்கொண்டு வெளியே வரும். காற்றறை ஒன்றுதான் இருக்கிறது, அதை ஒரு குஞ்சு அடைத்துக்கொண்டால் மற்றது குறுகின முனையில் தலையைச் செருகி மூச்சு முட்டிச் சாகும். சரி, முந்தினது பிழைக்குமா என்றால் அதற்கும் சுற்றித் திரும்ப இடம் இருக்காது.

வாத்து முட்டை பெரிதுதான், வாத்துக் குஞ்சும் பெரிதாயிற்றே! பொரித்த குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கோழிக்கும் வாத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அதோடு வாத்துக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். லாபம் ஒன்றும் இல்லை.

ஆசைக்கு ஒரு முட்டை வைத்துப் பார்க்கிறேன் என்றால் தடுக்க மாட்டேன். இருட்டில் டார்ச் அடித்து இரண்டு நிழல் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள், பெரிய முட்டை எல்லாம் இரட்டைக் கரு இல்லை. அடைக்கோழிக்கு வைக்க வேண்டாம், மற்ற குஞ்சுகள் பொரித்ததும் அது அவற்றைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடும். இன்குபேட்டரிலும் நல்ல முட்டைகளோடு கலக்காதீர்கள், உள்ளே கெட்டு வெடித்தால் அத்தனையும் நாசம். விசிறி உள்ள பெட்டி என்றால் 37.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம். 18ஆம் நாளிலிருந்து திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை ஏற்றுங்கள். ஏழாம் நாள் வெளிச்சம் காட்டும்போது இரண்டு இடத்தில் ரத்த நாளம் வலைபோலப் படர்ந்திருக்க வேண்டும். ஒன்றில்தான் இருக்கிறது என்றால் நானாக இருந்தால் அப்போதே எடுத்துவிடுவேன்.

21ஆம் நாள் நீங்கள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், தானாக வெளியே வருவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டில் விரிசல் விழுந்து ஒரு நாளாகியும் அப்படியே நின்றால், காற்றறைக்கு மேலே இருக்கும் ஓட்டை மட்டும் துளித்துளியாகக் கிள்ளி எடுத்து, சவ்வை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். சிவப்பாக ரத்த நாளம் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள், மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், அவசரப்பட்டால் ரத்தம் கொட்டியே செத்துவிடும். சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ஒன்று வந்து மற்றது தயாராகவில்லை என்றாலும் இழுக்காதீர்கள். தப்பித் தவறி இரண்டும் பிழைத்தால் ஒரே அச்சாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இரண்டு தனித்தனி மஞ்சள் கரு என்பதால் ஒன்று சேவலாகவும் ஒன்று பெட்டையாகவும்கூட இருக்கலாம்.

குஞ்சை விடுங்கள், அந்த விடைக்கோழியைக் கவனியுங்கள். இவ்வளவு பெரிய முட்டையை முக்கி முக்கி வைக்கும்போது ஆசனவாய் வெளியே தள்ளிவிடும், மற்ற கோழிகள் அதைக் கொத்திக் கொன்றேவிடும். கொட்டகையில் ராத்திரி முழுக்க பல்பு எரிகிறது என்றால் அணைத்துவிடுங்கள், தீவனத்தை அளவாகப் போடுங்கள், கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். பெரும்பாலும் சில வாரத்தில் தானே சரியாகிவிடும். அதுவரை வருகிற இரட்டைக் கரு முட்டையை ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்கள், உடம்புக்கு ஒன்றும் செய்யாது.