மூட்டையா, பாக்கெட்டா? – அடுப்படிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டிலிருந்தே வாரம் ஏழெட்டு கேக் செய்து விற்கிறேன். மைதா, சாக்லேட், கிரீம் எல்லாம் எங்கள் ஊர்க் கடையில்தான் வாங்குகிறேன். "சென்னை பாரிமுனை போய் மொத்தமாக வாங்கிப் போட்டால் லாபம் அதிலேயே வந்துவிடும்" என்கிறார் கணவர். போகலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நானே சாட்சி.

தொழில் ஆரம்பித்த மறுவருஷம், கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்த தைரியத்தில் பாரிமுனைக்குப் போய் 50 கிலோ மைதா மூட்டை ஒன்று வாங்கினேன். கிலோவுக்கு எட்டு ரூபாய் மிச்சம், ஆக 400 ரூபாய் கையில் நிற்கும் என்று மனக்கணக்கு. கடையிலிருந்து தூக்குகூலி, புரசைவாக்கம்வரை ஆட்டோ, இரண்டாம் மாடிக்கு ஏற்றிய வாட்ச்மேனுக்குக் காப்பிக் காசு என்று அதில் 280 அன்றைக்கே போய்விட்டது. பிப்ரவரியில் ஒரு நாள் சலிக்கிறேன், மாவு சல்லடையில் கட்டி கட்டியாய் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் எள் அளவில் பழுப்பு வண்டுகள், அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருக்கின்றன. மூட்டையில் இன்னும் 18 கிலோ இருந்தது. பக்கத்துத் தெருப் பையன் வந்து வாங்கிக்கொண்டு போனான், கட்சி போஸ்டருக்குப் பசை காய்ச்ச.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கேக்குக்கு மைதா கிட்டத்தட்ட 250 கிராம். வாரம் எட்டு கேக் என்றால் 2 கிலோ. 50 கிலோ மூட்டை தீர 25 வாரம், அதாவது ஏறக்குறைய ஆறு மாதம். நம் ஊர்ப் புழுக்கத்தில் மைதா அவ்வளவு நாள் சும்மா இருக்காது. ஒன்றரை மாதத்தில் தீர்கிற அளவுக்கு மேல் நான் இப்போது வாங்குவதில்லை. வண்டு வராமலிருக்க, வந்ததும் பாக்கெட் பாக்கெட்டாக நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துவிட்டு டின்னில் கொட்டுகிறேன்.

மூட்டையில் விலை குறைய இன்னொரு காரணமும் உண்டு. அரிசி மூட்டை 26 கிலோவாக வருகிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? 2022 ஜூலையில், 25 கிலோ வரை லேபிளோடு கட்டி விற்கும் அரிசி, மாவுக்கெல்லாம் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதைத் தாண்டிய மூட்டைக்கு வரி இல்லை. மைதாவுக்கும் அதே கதைதான். அதனால் உங்களைப் போல கேக் செய்கிற இரண்டு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கி அன்றைக்கே பிரித்துக்கொண்டால் லாபம் உண்டு. தனியாக வேண்டாம்.

நீங்கள் தைரியமாக மொத்தமாய் வாங்க வேண்டியது கெட்டுப்போகாத சரக்கை: கேக் டப்பா, கேக்குக்கு அடியில் வைக்கிற போர்டு, பட்டர் பேப்பர், கிரீம் பிழிகிற பைப்பிங் பை. வண்டு வராது, தேதி போகாது, சில்லறைக் கடையில் விலை அதிகம் வைப்பதும் இவற்றில்தான். ஆனால் போகும்போது இஞ்ச் டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து இஞ்ச் டப்பாவுக்குள் பத்து இஞ்ச் போர்டு போகாமல் நூறு டப்பாவோடு முழித்தவள் நான். உள்ளளவை அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

காம்பவுண்ட் சாக்லேட், அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்தது, அரைக் கிலோக் கட்டிகளாக வரும். அட்டைப்பெட்டியோடு எடுக்கலாம், தேதியை மட்டும் பாருங்கள். மேலே வெள்ளை பூத்தால் பயப்பட வேண்டாம், உருக்கினால் சரியாகிவிடும். உறைய வைத்து விற்கிற விப்பிங் கிரீமை மட்டும் உங்கள் ஊரிலேயே வாங்குங்கள், இரண்டு ரூபாய் கூடப் போனாலும் சரி. பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி செங்கல்பட்டில் இறங்குவதற்குள் இளகிவிடும். இளகியதைத் திரும்ப உறைய வைத்தால் எவ்வளவு அடித்தாலும் சரியாக நுரைத்து நிற்காது.

கேள்வி: பேக்கிங் பவுடரும் கோகோ பவுடரும் பேரே இல்லாத கவரில் கிலோ கணக்கில், பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா அக்கா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம் தம்பி. எப்போது பிரித்துக் கட்டினார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கிற 14 இலக்க எண்ணும் தேதியும் இல்லாத கவரை நான் தொடுவதில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கொதிக்கிற வெந்நீரில் பேக்கிங் பவுடர் அரை ஸ்பூன் போடுங்கள். புஸ்ஸென்று பொங்கினால் உயிர் இருக்கிறது. சோம்பலாய் இரண்டு குமிழ் விட்டு அடங்கினால் கேக்கும் அப்படியேதான் உட்காரும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு 40 கிலோ பிளம் கேக் ஆர்டர் வந்திருக்கிறது. முந்திரி எங்கே மலிவாகக் கிடைக்கும்?
– வாசகி, நெய்வேலி

பதில்: பண்ருட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே! காடாம்புலியூர்ப் பக்கம் சாலையோரமே முந்திரிக் கடைகள்தான். முழு முந்திரி கேட்காதீர்கள், கேக்குக்குள் எப்படியும் நறுக்கித்தான் போடப்போகிறோம். உடைசல் கேளுங்கள், விலை நன்றாக இறங்கும். மூட்டையின் மேல்வாயிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். நீங்கள் உள்ளே கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்து மென்று பாருங்கள். காறல் தட்டினால் அடுத்த கடை.