முதலீட்டு நிறுவனத்தில் சேல்ஸ் வேலை: ஒரு கடிதம்

வணக்கம்.

இந்த ஆண்டு வணிகவியல் பட்டப்படிப்பை முடிக்கிறேன். பங்கு, கடன் பத்திரம் என்று எல்லாவற்றிலும் ஆர்வம் உண்டு. ஆனால் நாள் முழுக்க எக்செல் முன்னால் உட்கார்வதைவிட ஆட்களோடு பேசுவதுதான் எனக்கு நன்றாக வரும். அதனால் சொத்து மேலாண்மை நிறுவனங்களில் வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் சேல்ஸ் வேலைகளுக்கு விண்ணப்பித்து வருகிறேன். எல்லா விளம்பரத்திலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் யாரையும் தெரியாது. சேல்ஸுக்குப் போனால் முதலீட்டுப் பக்கம் திரும்பவே முடியாது என்கிறார்கள் நண்பர்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த விளம்பரங்களை விட்டுவிடுங்கள். ஓர் ஓய்வூதிய நிதி 100 கோடியை ஒப்படைக்கிறது, ஆண்டுக் கட்டணம் 60 பேசிஸ் பாயிண்ட், அதாவது 0.60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே வாடிக்கையாளரால் நிறுவனத்துக்கு வருடம் 60 லட்சம் வருகிறது. அவரைத் தக்கவைக்கும் பொறுப்பைக் கல்லூரி முடித்து வந்தவரிடம் யாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுக்காமல் இருப்பதும் நியாயம்தான்.

புதியவர்கள் நுழையும் கதவுகள் பலவற்றின் பெயரில் ‘சேல்ஸ்’ என்ற சொல்லே இருக்காது. உள்ளிருந்து தொலைபேசியில் நிதி ஆலோசகர்களோடு பேசி, வெளியே போகும் சேல்ஸ் ஆளுக்குச் சந்திப்புகளை ஏற்பாடு செய்யும் மேசை, அதாவது குழு, ஒன்று. காலாண்டு அறிக்கை, புதுக் கணக்குக்கான ஆவணங்கள் எல்லாம் பார்க்கும் கிளையண்ட் சர்வீஸ் இன்னொன்று. மூன்றாவது ஆர்.எஃப்.பி. குழு. பெரிய நிதிகள் மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் அனுப்பும் நீண்ட கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுபவர்கள் இவர்கள்.

கற்றுக்கொள்ள இந்த மூன்றாவதே சிறந்த இடம் என்பது என் கருத்து. சலிப்பான எழுத்து வேலை என்று பலர் ஒதுக்குவதால் போட்டியும் குறைவு. நிறுவனத்தின் உரிமையாளர் யார், முதலீட்டு முடிவை எடுப்பது யார், ஒரு பங்கை எப்போது விற்பீர்கள், ரிஸ்க்கை யார் கண்காணிக்கிறார், கட்டணம் என்ன என்று வாடிக்கையாளர் கேட்கக்கூடிய எல்லாமே அந்தத் தாளில் இருக்கும். பதிலுக்காக ஃபண்டு மேனேஜர், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு) என்று எல்லோரிடமும் போய் நிற்க வேண்டும். ஒரே வருடத்தில் நிறுவனம் முழுவதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே வரும் பிழைகள் பெரும்பாலும் பழைய பதிலை அப்படியே ஒட்டுவதால் வருபவை. போன காலாண்டின் சொத்து மதிப்பு இருக்கும், வேலையை விட்டுப்போன மேனேஜரின் பெயர் இருக்கும், நாலாம் பக்கத்தில் உள்ள எண் இருபதாம் பக்கத்தில் வேறாக இருக்கும். ஒரு கேள்வியில் இரண்டு பகுதி இருந்தால் முதல் பகுதிக்கு மட்டும் பதில் போகும். பெரிய நிதியின் சார்பில் பதில்களைப் படிக்கும் ஆலோசகர் இவற்றைத்தான் முதலில் பார்க்கிறார். சரிபார்க்கத் தெரிந்தவர் என்ற பெயர் கிடைத்துவிட்டால் கூட்டங்களுக்கும் அழைப்பார்கள்.

தகுதித் தேர்வு பற்றி: எந்த நாட்டில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அமெரிக்கா என்றால் எஸ்.ஐ.இ. என்ற பத்திரச் சந்தை அடிப்படைத் தேர்வை எந்த நிறுவனத்தின் ஆதரவும் இல்லாமல் இப்போதே எழுதலாம். 75 கேள்விகள், 105 நிமிடம், தேர்ச்சி நான்கு ஆண்டுகள் செல்லும். அடுத்து வரும் சீரிஸ் 7 என்ற விற்பனை உரிமத் தேர்வுக்கு நிறுவனத்தின் ஆதரவு வேண்டும். இந்தியாவில் ஃபண்டு விநியோகத்துக்கு என்.ஐ.எஸ்.எம். 5-ஏ தேர்வு: 100 கேள்விகள், இரண்டு மணி நேரம். இவை நுழைவுச்சீட்டு மட்டுமே. சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டு ஆய்வுத் தகுதியின் முதல் நிலைக்குப் பதிவு செய்வது நல்லது. ஆனால் அதை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம்.

நேர்காணலில் “எனக்கு ஆட்களோடு நன்றாகப் பழக வரும்” என்று சொல்லாதீர்கள். எதிரே காத்திருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் சொல்வார்கள். இந்த வேலையின் கடினமான நாள், ஃபண்டு பின்தங்கிய வருடத்தில் வாடிக்கையாளர் முன் உட்காரும் நாள். அதற்குத் தயாராக இருப்பதைக் காட்டுங்கள்.

விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் ஒரு ஃபண்டை எடுத்து, அது பெஞ்ச்மார்க்கைவிட (ஒப்பிட வைத்திருக்கும் சந்தைக் குறியீட்டைவிட) குறைவாக ஈட்டிய ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபண்டு 6 சதவீதம், பெஞ்ச்மார்க் 9 சதவீதம் என்று வைப்போம். அந்த மூன்று சதவீதம் எங்கே போயிற்று? பெஞ்ச்மார்க்கில் தொழில்நுட்பத் துறை 20 சதவீதம், ஃபண்டில் 10 சதவீதம், அந்தத் துறை 24 சதவீதம் ஏறியது என்றால், கணக்கு இப்படி: எடை (மொத்தப் பணத்தில் அந்தத் துறையின் பங்கு) வித்தியாசம் மைனஸ் 10 சதவீதம், துறையின் ஏற்றம் மொத்த பெஞ்ச்மார்க்கைவிட 15 சதவீதம் அதிகம், பெருக்கினால் மைனஸ் 1.5. இடைவெளியில் பாதி அங்கேயே போய்விட்டது. பிரின்சன், ஃபாக்லர் இருவரும் 1985இல் எழுதிய முறை இது. மீதி, மற்ற துறைகளின் எடையிலும் துறைகளுக்குள் தேர்ந்த பங்குகளிலும் இருக்கும். வெளியிலிருந்து கிடைக்கும் மாதாந்திர போர்ட்ஃபோலியோவை, அதாவது ஃபண்டு வைத்திருக்கும் பங்குகளின் பட்டியலை, வைத்துச் செய்தால் கணக்கு தோராயமாகத்தான் வரும், அதையும் எழுதிவிடுங்கள்.

பிறகு முக்கியமான கேள்வி. தொழில்நுட்பத்தைக் குறைவாக வைத்தது அந்த மேனேஜர் எப்போதும் சொல்லிவரும் கொள்கைப்படியா, அல்லது கொள்கையை விட்டு விலகியதாலா? கொள்கைப்படி என்றால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. விலகியதால் என்றால், அந்த ஆண்டு லாபமே வந்திருந்தாலும் விவரமறிந்தவர் கவலைப்படுவார். இதை இரண்டு பக்கத்தில் எழுதி நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள்.

தெரிந்தவர் இல்லை என்கிறீர்கள். துறைத் தலைவருக்கு எழுத வேண்டாம். நீங்கள் சேர விரும்பும் மேசையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் இருப்பவருக்கு எழுதுங்கள். ஐந்தாறு வரி, இணையதளத்தில் பதில் கிடைக்காத ஒரே ஒரு கேள்வி, பதினைந்து நிமிடம் பேச நேரம். ரெஸ்யூமே இணைக்காதீர்கள், இணைத்தால் அது வேலை கேட்கும் கடிதமாகி மனிதவளத் துறைக்குப் போய்விடும். காலாண்டு முடிந்த முதல் இரண்டு வாரம் அறிக்கை வேலையில் மூழ்கியிருப்பார்கள், அப்போது எழுதினால் பதில் வருவது கடினம். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. தொலைபேசி மேசையிலிருந்து நேராக ஃபண்டு மேனேஜர் ஆவது அரிது. ஆனால் ப்ராடக்ட் ஸ்பெஷலிஸ்ட் என்றொரு பதவி உண்டு, மேனேஜரின் சார்பில் வாடிக்கையாளரிடம் போர்ட்ஃபோலியோவை விளக்குபவர். ஆர்.எஃப்.பி. குழுவிலிருந்து அங்கே போகும் வழி குறுகியது. உங்கள் கடிதத்தைப் படித்தால், உங்களுக்குப் பொருந்துவது அதுதான் என்று படுகிறது.

வேலை கிடைக்கும் தறுவாயில் இரண்டைக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த மேசையிலிருந்து எத்தனை பேர் வாடிக்கையாளரைச் சந்திக்கும் பதவிக்குப் போனார்கள்? போனஸ் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது: உள்ளே வந்த பணத்தை மட்டுமா, வெளியே போனதைக் கழித்த பிறகா? கழிக்காத இடத்தில், பொருந்தாத ஃபண்டைப் பொருந்தாதவர் தலையில் கட்டச் சொல்லும் நெருக்கடி முதல் மாதமே வரும். அங்கே சேர வேண்டாம்.