சிங்கப்பூர் யுனிவர்சல்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: கோடை விடுமுறையில் 9 வயது, 3 வயதுப் பிள்ளைகளோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போக ஆசை. அப்பத்தாவும் வருகிறார். செலவைச் சுருக்க வழி சொல்லுங்கள். (வாசகி, தேவகோட்டை)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், தங்கச்சி. சென்னைக்கு அலைய வேண்டாம். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது, சுமார் 4 மணி நேரம்தான். மே கடைசியில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் லீவு விட்டுவிடுவார்கள், கூட்டம் அள்ளும். அதற்கு முன்பே, வார நாளாகப் பார்த்துப் போங்கள். விசா முன்கூட்டியே வாங்க வேண்டும்.

பூங்காவில் சின்னவனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், 4 வயதிலிருந்துதான் கட்டணம். பெரியவனைக் கிளம்புமுன் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். அங்குள்ள சவாரிகளில், டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஏற 102 செ.மீ. போதும், மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125 வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் வரிசையிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிள்ளை முகம் வாடிப்போகும். இங்கேயே சொல்லி வைத்துவிட்டால் ஏமாற்றம் இல்லை.

அப்பத்தாவை வெளியே உட்கார வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். வாட்டர்வேர்ல்டு காட்சியை அவர் உட்கார்ந்தே ரசிக்கலாம்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா நல்லது. இட்லி, தோசைக்குத் தேட வேண்டாம். அப்புறம், அங்கிருந்து ஹார்பர்ஃப்ரன்ட் நிலையத்துக்கு ஒரே ரயில். இறங்கி நடைபாலம் வழியாகப் போனால், யுனிவர்சல் இருக்கும் செந்தோசா தீவுக்குள் நுழையக் காசு இல்லை. மோனோரயில் என்றால் தலைக்கு 4 டாலர். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், காலி பாட்டில்கள் எடுத்துப் போங்கள்.