சிரிப்போடு சேர்ந்து ஒலிக்கும் வாத்தியங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நகைச்சுவைத் துணுக்கு முடிந்தவுடன் டிரம்ஸில் 'பட்டும்... டிஷ்' என்று அடிக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது?

பதில்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் கோலோச்சிய 'வாடெவில்' என்னும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில்தான் இது வேரூன்றியது. பாடகர், வித்தைக்காரர், கோமாளி என அடுத்தடுத்து மேடையேறிய அனைவருக்கும், மேடைக்கு முன்னால் தாழ்வான பகுதியில் அமர்ந்திருந்த ஒரே வாத்தியக் குழுவே வாசித்தது. அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர், நடிகரின் உடலசைவிலிருந்து கண்ணெடுக்காமல், அவர் வழுக்கி விழும்போது பெரிய டிரம்மையும் கன்னத்தில் அறை விழும்போது இரட்டை மரச்சட்டத்தையும் ஒலிக்க வேண்டியிருந்தது. இதற்காக மரக்கட்டை, மாட்டுமணி, ஊதல் ஆகியவற்றை எட்டும் தூரத்தில் மாட்டி வைத்திருப்பார். டிரம் தயாரிப்பாளர்களான லுட்விக் சகோதரர்கள் 1909இல் கொண்டுவந்த கால்மிதி பெரிய டிரம்மைக் காலுக்குக் கொடுத்து, கைகள் இரண்டையும் இந்த வேலைக்கு விடுவித்தது.

'பட்டும் டிஷ்' என்பது இந்தக் கலையின் மிகச் சுருங்கிய வடிவம். துணுக்கின் கடைசிச் சொல் அரங்கின் பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சிரிப்பு எழும்பத் தொடங்கும் இடத்தில் சிம்பல் என்னும் உலோகத் தட்டின் ஒலி விழ வேண்டும். சற்றே முந்தினால் சொல் அமுங்கிப் போகும். பிந்தினால் அடங்கிய சிரிப்பின் மேல் வெற்றோசையாக விழும். இதைச் சில்லறை வேலை என்பவர்களோடு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன், ஏனெனில் கச்சேரியில் பாடகரின் மூச்சறிந்து வாசிப்பவருக்கு வேண்டிய அதே விழிப்பு இதற்கும் வேண்டும்.

கேள்வி: ஒருவர் தோற்றுப் போனால் 'வா வா வா வாஆஆ' என்று அழுவதுபோல் கேட்கும் ஒலி எந்தக் கருவியுடையது?

பதில்: குழாயை நீட்டியும் சுருக்கியும் ஊதும் டிராம்போன். நான்கு சுரங்கள் அரைச்சுர இடைவெளியில் படிப்படியாக இறங்க, கடைசிச் சுரம் நீண்டு நடுங்கும். அழுகைச் சாயலைத் தருவது, குழாய் அடைப்பெடுக்கப் பயன்படும் ரப்பர்க் கிண்ணம். அதன் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கருவியின் வாய்ப்பகுதியில் வைத்து மூடித் திறப்பார்கள். மூடும்போது உயர் அதிர்வெண்கள் மங்கி, திறக்கும்போது மீண்டும் வெளிப்படுகின்றன. குவிந்த உதடுகளைத் திறந்து 'வா' என்று சொல்லும்போது நம் வாய்க்குள்ளும் இதுவே நிகழ்வதால், செவி அதை மனிதக் குரலாகவே எடுத்துக்கொள்கிறது.

இந்த உத்தி கேலிக்கென்று மட்டும் வளர்ந்ததன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிறிய டிரம்பெட் போன்ற கார்னெட்டை வாசித்த ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவர் அடைப்பான்களைக் கொண்டு தம் கருவியைப் பேச வைத்தார். 1926இல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த டிராம்போன் கலைஞர் ஜோ நாண்டன், இதே ரப்பர்க் கிண்ணத்தால் உள்ளத்தை உலுக்கும் துயரத்தை எழுப்பினார். பின்னாளில் சார்லி பிரவுன் தொலைக்காட்சிச் சித்திரங்களில் பெரியவர்களின் பேச்சாக வந்ததும் இவ்வாறு வாசித்த டிராம்போனே.

கேள்வி: உயரத்திலிருந்து ஒருவர் விழும்போது 'வீயூ...' என்று இறங்கும் ஒலி?

பதில்: அது தண்டு பொருத்திய ஊதல். தண்டை உள்ளே தள்ளினால் காற்றுத் தம்பம் குறுகிச் சுருதி ஏறும். வெளியே இழுத்தால் இறங்கும். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல், 1925இல் அரங்கேறிய தம் இசை நாடகமொன்றில், இரவுத் தோட்டக் காட்சிக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறார். அங்கே அது சிரிக்க வைப்பதில்லை.

கேள்வி: கார்ட்டூன்களில் ஒவ்வொரு காலடிக்கும் இசை அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது எப்படி?

பதில்: 1927க்குப் பின் பேசும்படம் பரவியதும், மௌனப் படங்களுக்குத் திரையரங்கில் வாசித்த கலைஞர்கள் வேலையிழந்தனர், அவர்களுடைய திறமையில் ஒரு பகுதி கார்ட்டூன் கூடங்களுக்கு வந்து சேர்ந்தது. கான்சாஸ் நகரத் திரையரங்கில் ஆர்கன் வாசித்த கார்ல் ஸ்டாலிங், 1928இல் வால்ட் டிஸ்னிக்கு இசையமைக்கத் தொடங்கி, 1936 முதல் 1958 வரை வார்னர் கார்ட்டூன்களுக்கு இசையமைத்தார். திரையில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. 12 படச்சட்டங்களுக்கு ஒரு தாளத்தட்டு என்று வகுத்தால், நிமிடத்துக்கு 120 தட்டுகள் கிடைக்கும். ஓவியர் அந்தக் கணக்கில் காலடிகளை வரைவார். வாத்தியக்காரர்கள் காதுக்கருவியில் 'டிக் டிக்' ஒலியைக் கேட்டபடி வாசிப்பார்கள். எலும்புக்கூட்டுக்கு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலபோன் என்ற வழக்கம் இன்னும் பழையது: 1874இலேயே பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன் சான்ஸ் எலும்புகளின் உராய்வை அதில் காட்டிவிட்டார்.

கேள்வி: 'பொய்ங்' என்ற துள்ளல் ஒலி நம் மோர்சிங்கைப் போலவே இருக்கிறதே?

பதில்: சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒலியை உண்டாக்கும் வழிகளுள் ஒன்று, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல வடிவங்களில் வழங்கும், வாயில் வைத்து மீட்டும் இந்தக் கருவிக் குடும்பமே. உலோக நாக்கின் அடிச்சுருதி மாறாது. வாயின் உட்குழிவை மாற்றுவதால் வெவ்வேறு மேற்சுரங்கள் எடுப்பாகின்றன. உலோக நாக்கை ஒருமுறை மீட்டி, வாய்க்குழியைச் சட்டென்று மாற்றினால் கார்ட்டூனின் 'பொய்ங்' கிடைக்கும். மிருதங்கச் சொற்கட்டைப் பின்தொடர்ந்து வாசித்தால் தனி ஆவர்த்தனம் கிடைக்கும். பீத்தோவனின் ஆசிரியர்களுள் ஒருவரான ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர், 18ஆம் நூற்றாண்டில் இதை முதன்மைக் கருவியாக வைத்து, தனிக்கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் கன்செர்ட்டோக்களே எழுதினார்.