கார்டைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் அடையாள அட்டைகள் பற்றிய கேள்விகள். சிவகாசி அச்சகங்களில் 31 ஆண்டுகள் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர் பதில் சொல்கிறார்.)

எங்கள் கல்லூரியில் 1,400 மாணவர்களுக்குப் புதிய ஐடி கார்டு போடப் போகிறோம். கார்டு அடிப்பவர், “ஹாலோகிராம் ஒட்டிவிட்டால் யாராலும் போலி செய்ய முடியாது, கொஞ்சம் கூடுதல் செலவாகும்” என்கிறார். ஒட்டலாமா?
– கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர், கோவில்பட்டி

அவரிடம் ஒன்று கேளுங்கள். ஹாலோகிராமில் உங்கள் கல்லூரியின் சின்னம் இருக்குமா, இல்லை கடையில் ரோல் ரோலாக விற்கிற பொதுவான வெள்ளி ஸ்டிக்கரா? பொதுவானது என்றால் வேண்டாம். நீங்கள் வாங்குகிற அதே ரோலைப் போலி அடிப்பவரும் வாங்கிக்கொள்வார்.

ஹாலோகிராம் நல்ல பொருள்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிப்பள்ளங்களில் ஒளி பட்டு நிறம் நிறமாகப் பிரிவதால்தான் சாய்க்கச் சாய்க்க நிறம் மாறுகிறது. ஜெராக்ஸ் மெஷின் ஒரே கோணத்தில்தான் பார்க்கும் என்பதால் நகலில் அது செத்துப்போய்ச் சாம்பல் நிறமாக விழும். மாஸ்டர்கார்டு 1983இல் தன் கார்டுகளில் அதைப் போட்டது போலியைத் தடுக்கத்தான். ஆனால் ஹாலோகிராம் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலன். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஓர் ஆலைக்குக் கார்டு வடிவமைத்தேன். படம் இடது பக்கம், ஹாலோகிராம் வலது கீழ் மூலையில். பார்க்க அழகாக இருந்தது. எட்டு மாதம் கழித்து ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். மேசைமேல் நான் போட்ட கார்டு ஒன்று கிடந்தது. லேமினேஷன் ஓரத்தை பிளேடால் கீறி, உள்ளே ஒட்டியிருந்த படத்தை எடுத்துவிட்டு வேறு ஒருவர் படத்தை வைத்து மூடியிருந்தார்கள். ஹாலோகிராமுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருக்குமா? முகத்தைக் காப்பாற்ற வேண்டியதைக் கொண்டுபோய் வெறும் வெள்ளை இடத்தில் அல்லவா வைத்திருந்தேன். வேலை தெரியாத ஒரு பையன் அந்தக் கார்டைக் காட்டிவிட்டு நாலு நாள் பாய்லர் பகுதிக்குள் போய்வந்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து நான் மாற்றாத முறை இது. படத்தைத் தனியாக ஒட்டக் கூடாது, கார்டிலேயே அச்சாக வேண்டும். பின்னணிக் கோடுகள் படத்தின் ஓரத்தில் நின்றுவிடாமல் தோள் வழியாகப் படத்துக்குள் ஏற வேண்டும். ஹாலோகிராம் போட்டால் பாதி படத்தின் மேலும் பாதி வெளியிலும் உட்கார வேண்டும். படத்தைத் தொட்டால் இவை எல்லாம் சேர்ந்து கிழிய வேண்டும். உரித்தால் தேன்கூடு மாதிரி பிய்ந்து வருகிற ஸ்டிக்கர்கள் கிடைக்கின்றன, அந்த வகையைக் கேளுங்கள்.

உங்கள் கல்லூரிக்கு இன்னொரு யோசனை. படிப்பு முடியும் ஆண்டைப் பெரிய எழுத்தில், ஆண்டுக்கு ஒரு நிறப் பட்டையில் போடுங்கள். ஆறடி தூரத்திலிருந்தே காவலர் பார்த்துவிடலாம். செலவே கிடையாது. கல்லூரி கார்டுகளில் நான் அதிகம் பார்த்த ஏமாற்று, படிப்பு முடிந்தவர் பழைய கார்டைக் காட்டிக்கொண்டு உள்ளே வருவதுதான்.

அப்புறம், கார்டு அடித்த பிறகு அந்த ரிப்பனைக் கேட்டு வாங்குங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பிளாஸ்டிக் கார்டு பிரிண்டரில் ஓடும் ரிப்பனில் ஒவ்வொரு கார்டுக்கும் புதிதாக ஒரு பகுதி செலவாகும். கறுப்பு எழுத்து கார்டுக்குப் போய்விட, ரிப்பனில் அந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். ஒரு கடையின் குப்பைக் கூடையில் கிடந்த ரிப்பனை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். பெயர், அப்பா பெயர், ரத்த வகை, போன் நம்பர் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வெளிச்சத்தில் வந்தார்கள். 1,400 பிள்ளைகளின் விவரம் அந்த ரிப்பனில் இருக்கும். உங்கள் கண் முன்னால் அதைத் துண்டு துண்டாக வெட்டச் சொல்லுங்கள். கெட்டுப்போன கார்டுகளையும் எண்ணி வாங்கி ஓட்டை போட்டுவிடுங்கள்.

கார்டுகளின் பின்னணியில் மெல்லிய வளைகோடுகள் ஓடுகின்றனவே, அவை அலங்காரமா, பாதுகாப்பா? கலர் ஜெராக்ஸ் எடுத்தால் அவையும் வந்துவிடாதா?
– பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

உங்களுக்குக் கோலம் போடத் தெரியும் என்றால் இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஈர அரிசிமாவில் துணி நனைத்துப் போடுகிற இழைக்கோலத்தில் கோடு அறுபடாமல் வழிந்து ஓடும். பொடிக்கோலத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் துகள் துகளாகத் தெரியும். நல்ல கார்டில் இருப்பது முதல் வகை. அதற்கென்றே கலந்த ஒரு தனி நிற மையில், ஆப்செட்டில், கோட்டை முழுக் கோடாகவே அடித்திருப்பார்கள். கலர் ஜெராக்ஸ் மெஷினிடம் அந்த மை இல்லை. அதனிடம் இருப்பது நாலே நிறம். அந்த நாலையும் புள்ளிகளாகத் தூவித்தான் எந்த நிறத்தையும் காட்டும். சும்மா பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அசலில் கோடு, நகலில் பொடி.

இந்தப் பின்னல்களுக்கு எங்கள் தொழிலில் கில்லோஷ் என்று பெயர். சிக்குக்கோலம் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவற்றை வரைந்தது லாட்டரிச் சீட்டுகளுக்கு. 2003 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் லாட்டரி தடையானதும் அந்த வேலை நின்றது. கை பழகியிருந்ததால் சான்றிதழ், கார்டு என்று மாறிக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, வானவில் அச்சு. மெஷினின் மைத்தொட்டியில் ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் பச்சை ஊற்றுவோம். உருளை ஓட ஓட நடுவில் இரண்டும் கலக்கும். அப்போது ஒரே கோடு இடது ஓரத்தில் நீலமாகத் தொடங்கி, எங்கே மாறியது என்று சொல்ல முடியாமல் வலது ஓரத்தில் பச்சையாக முடியும். உங்களிடம் நல்ல கார்டு ஏதாவது இருந்தால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். அதை ஸ்கேன் செய்து நகல் அடித்தால் அந்த நிறமாற்றம் புள்ளிகளாக உடைந்துவிடும்.

ஆதாரை பிரவுசிங் சென்டரில் கொடுத்து பிளாஸ்டிக் கார்டாக அடித்து வைத்திருக்கிறேன். அது செல்லாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தேனி

கடையில் அடித்த பிளாஸ்டிக் கார்டுகளில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆதார் ஆணையமே 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆணையம் தருகிற பிவிசி கார்டு 2020 அக்டோபரில் வந்தது. அதில் ஹாலோகிராம், வளைகோட்டுப் பின்னல், நுண்ணெழுத்து, மங்கலான இரண்டாவது முகப்படம், தடவினால் மேடாகத் தெரிகிற ஆதார் சின்னம் எல்லாம் உண்டு. அவர்கள் இணையதளத்தில் கட்டணம் கட்டினால் ஸ்பீடு போஸ்டில் வீட்டுக்கே வரும். அது வரும்வரை, தபாலில் வந்த பழைய ஆதார் கடிதமும் செல்லும், பதிவிறக்கிய இ-ஆதாரும் செல்லும். கவலை வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு. நீங்கள் கடையில் கொடுத்த ஃபைல் இன்னும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். நேரில் போய் அழிக்கச் சொல்லுங்கள்.

கியூஆர் கோடு இருந்தால் போதாதா? இந்தக் கோடு, ஹாலோகிராம் எல்லாம் எதற்கு?
– பொறியியல் மாணவர், திருச்சி

எந்தக் கியூஆர் என்பதைப் பொறுத்தது. வெறும் பெயரும் எண்ணும் அடங்கிய கியூஆரை போனிலேயே யாரும் செய்துவிடலாம். ஆதாரில் இருப்பது அப்படியில்லை. உள்ளே பெயர், முகவரி, சிறிய முகப்படம், அவற்றோடு ஆணையத்தின் எண்ணியல் கையொப்பமும் இருக்கிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். கார்டில் முகம் மாறியிருந்தாலும் திரையில் அசல் முகம்தான் வரும். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஸ்கேன் செய்கிறவர் எத்தனை பேர்? லாட்ஜில் கார்டைக் கண்ணால் பார்த்து ஒரு ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த இடத்தில் கண்ணுக்கும் விரலுக்கும் ஏதாவது வேண்டும்.

ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பது உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

உண்மை. முதல் 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது 12ஆவது. நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969இல் தந்த முறை. ஓர் இலக்கம் தப்பானாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். கணக்குப் பொருந்தியதாலேயே அப்படி ஓர் ஆதார் இருக்கிறது என்று ஆகிவிடாது.

நான் ஓர் ஆலையில் வாசல் காவலர். ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடத்தில் 200 பேர் உள்ளே போவார்கள். ஒவ்வொரு கார்டையும் எப்படிப் பார்ப்பது?
– வாசகர், ஓசூர்

ஒருவருக்கு மூன்று விநாடி கிடைக்கிறது உங்களுக்கு. அந்த மூன்று விநாடிக்குள் தெரியாத எதையும் கார்டில் வைத்துப் பயன் இல்லை. அது என்னைப் போன்றவர்களின் பொறுப்பு.

முதலில் ஆளின் முகம், பிறகு படம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். படத்தை முதலில் பார்த்தால் எதிரே நிற்பவர் அதே மாதிரி இருப்பதாக மனம் நம்பிக்கொள்ளும். அடுத்து, கார்டு எந்த ஆண்டுவரை செல்லும் என்று காட்டும் நிறப் பட்டை இருந்தால் அது. சந்தேகம் வந்தால் மட்டும் கார்டைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பாருங்கள், நகத்தால் நாலு ஓரத்தையும் தடவுங்கள். பிரித்து ஒட்டியது ஒரு மூலையிலாவது நகத்தில் தட்டும். பாலிகார்பனேட் என்கிற கெட்டி பிளாஸ்டிக் கார்டாக இருந்தால் உங்கள் வேலை சுலபம். பல அடுக்குகளைப் பசை இல்லாமல் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே பலகையாக்கி, லேசரால் உள் அடுக்கைக் கருக்கிப் படம் பதிப்பார்கள். பிரிக்க ஓரமே இருக்காது. விலை கூடுதல் என்பதால் ஆலைகளில் அதிகம் காண முடிவதில்லை.

நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ரத்தான அசல் கார்டு ஒன்றை ஓட்டை போட்டு உங்கள் கேபினில் நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும், சந்தேகப்பட்டதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க. அப்புறம் வாசலில் மஞ்சள் விளக்கு இருந்தால் அதை மாற்றி வெள்ளை விளக்கு போடச் சொல்லுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிர் நிறக் கோடுகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.